உள்துணி வைக்காத பச்சை

திங்கட்கிழமைகளில்
ஃபாதர் வால்தெசீரின் திருவுடையைத் துவைப்பவள் நான்.
முதுகில் உப்பு பூத்திருக்கும்,
தோளில் தொடங்கி இடுப்புவரை, வெள்ளைக் கரையாக.
கரை இடுப்பைத் தாண்டியிருந்தால்
அந்த ஞாயிறு ஒரு ஞானஸ்நானமும் இருந்திருக்கிறது.

தெரெசீனாவில் அக்டோபர்.
பர்னாயிபா ஆறு மணல்திட்டைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது.
தெருநாய்கள் கோவிலுக்குள் வந்து
தரையில் வயிறு ஒட்டிப் படுக்கின்றன,
யாரும் விரட்டுவதில்லை.
அந்த நாய்களுக்குத் தெரிந்தது
அந்தத் திருவுடையைத் தைத்தவனுக்குத் தெரியவில்லை.
மிலானிலிருந்து வந்த நன்கொடை:
பாலியெஸ்டர், அதன்மேல் ஜரிகை,
அதன்கீழ் வழவழவென்று இன்னொரு பாலியெஸ்டர்.
பனி பெய்யும் ஊரின் அன்பு
நாற்பது டிகிரியில் வேறொன்றாகிவிடுகிறது.

போன மாதம் அப்பத்தை உயர்த்தியபோது
அவர் கை நடுங்கியது.
பக்தி என்றார்கள் முன்வரிசைப் பெண்கள்.
நான் பக்கத்துக் கதவருகே நின்றிருந்தேன்.
அது பக்தி இல்லை.

நாஜிபின் கடைக்குப் போனேன்.
"பார்க்க லினன் மாதிரியே இருக்கும், தோனா இரனெய்டி"
என்று ஒரு சுருளை உருட்டிவிட்டார்.
பார்ப்பதற்கா வந்தேன்?
ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி கிழித்தேன்.
கருமணியாக உருகி விரலைச் சுட்டது.
அடுத்த நூல் முடி கருகும் வாசம்: பட்டு.
நல்லதுதான், ஆனால்
வியர்வைக் கறையும் போகாது, விலையும் இறங்காது.
மூன்றாவது காகிதம்போல் எரிந்து
ஊதினால் பறக்கும் சாம்பலாயிற்று.
இதில் ஆறு மீட்டர் வெட்டுங்கள் என்றேன்.
"கசங்குமே."
கசங்கட்டும். நானும்தான் கசங்குகிறேன்.

ஃபாதர் மறுத்தார்.
பாரமும் ஒரு காணிக்கை என்றார்.
சந்தையில் மீன் விற்பவள் வேகிறாள்,
நான் மட்டும் காற்று வாங்குவதா என்றார்.
சிலுவையடியில் சேவகர்கள்
தையலில்லாத அங்கிக்கு ஏன் சீட்டுப் போட்டார்கள்?
நான்தான் கேட்டேன்.
கிழிக்க மனம் வரவில்லை, ஃபாதர். நல்ல துணி.
அதுவும் வெயில் ஊர்தான்.
பதில் சொல்லாமல் கைகளை விரித்து நின்றார்.
அளவெடுத்தேன்.

உள்துணி வைக்கவில்லை. தோளில் மட்டும் ஒரு சாண் பட்டி.
ஜரிகைக்குப் பதில் கழுத்தைச் சுற்றி
கர்னாவுபா ஓலை விரிவதுபோல் சங்கிலித் தையல்.
அகலத்தில் கை வைக்கவில்லை,
அகலத்துக்குள்தான் காற்று நடக்கும்.

முதல் ஞாயிறு.
கிழக்கு ஜன்னல் வெயில்
பச்சைக்குள் புகுந்து பச்சையாக வெளியே வந்தது.
அவர் கை தூக்கியபோது
இலைக்குள் நரம்பாகக் கை தெரிந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்; நல்லவேளை,
உள்ளே வெள்ளை அங்கி கணுக்கால்வரை இருந்தது.

பிறகு மறையுரை.
எப்போதும் ஏழு நிமிடம்.
பத்தாவது நிமிடத்தில் சக்கேயு மரத்தில் ஏறினான்.
இருபதிலும் இறங்கவில்லை.
முப்பத்தெட்டில் ஃபாதர்
காட்டு அத்தியின் வேரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்,
நெற்றியில் ஒரு துளி இல்லை,
குரலில் அவசரம் இல்லை.
பெஞ்சுகளில் நாங்கள்
பாட்டுப்புத்தகத்தால் விசிறிக்கொண்டோம்.
நாய்கள் எழுந்து வெளியே போயின.

வாசலில் கிளெமென்சா என் கையைப் பிடித்தாள்:
"அவருக்குக் காற்றைத் தைத்துக் கொடுத்துவிட்டு
எங்களை அடுப்பில் வைத்துவிட்டாயே!"
பாடகர் குழுவின் ஒஸ்மாரினோ
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"அந்த மிலான் திருவுடை...
இன்னும் அலமாரியில்தானே இருக்கிறது?"

இன்று திங்கள்.
பச்சையைத் தண்ணீரில் முக்கினேன்.
வெயிலில் பிடித்துத் தேடினேன்,
கழுத்தோரம் நகக்கண் அளவு உப்பு. அவ்வளவுதான்.

திருவருகைக்காலம் வருகிறது, ஊதா வேண்டும்.
மேசையில் இரண்டு சுருள்கள்.
ஃபாதர் கதவில் சாய்ந்து,
"அதே துணிதானே, இரனெய்டி?" என்கிறார்.
என் வாயில் ஏழெட்டுக் குண்டூசிகள்.
பேச முடியாது.